தோலின் கடைசி அடுக்கு வெறும் கொழுப்புதானா?

கேள்வி: 2023 நவம்பர் 4

தோலுக்கு மூன்று அடுக்குகள் என்று பள்ளியில் படித்தோம். மேல்தோல் கிருமிகளைத் தடுக்கிறது. உள்தோலில் வியர்வைச் சுரப்பி, முடிவேர், நரம்பு முனை எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது என்று சொல்லப்படும் தோலடி அடுக்கோ வெறும் கொழுப்பு. இடத்தை அடைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. மெலிந்தவர்கள் அது இல்லாமலேயே நன்றாக வாழ்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான். எழுபதைத் தாண்டியும் வயிறு ஒட்டியே இருக்கிறது. அவருக்கு இப்போது இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொழுப்பே இல்லாத உடம்பில் 4 மி.மீ. ஊசியைக் குத்தினால் அது தசைக்குள் போய்விடாதா? மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

2023 நவம்பர் 4, இரவு

மெலிந்தவர்களுக்கு அந்த அடுக்கு இல்லை என்பதை ஏற்க முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் டிசெக்‌ஷன் ஹாலுக்கு வந்த உடல்களில் பல, வறுமையிலும் நோயிலும் வற்றிப்போனவை. விலா எலும்புகளைத் தொடாமலேயே எண்ணிவிடலாம். அவற்றிலும் தொடையில், பிட்டத்தில், குதிகாலில் மஞ்சள் படலம் ஒன்று கட்டாயம் இருக்கும். சில இடங்களில் அது காகிதக் கனத்துக்குக் குறைந்திருக்கும், ஆனால் இருக்கும்.

முதலாண்டு மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் முதல் வேலையே தோலை மட்டும் தனியாக உரிப்பதுதான். கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் கத்தி ஒன்று மேலே ஏறித் தோலைக் கிழித்துவிடும், அல்லது கீழே இறங்கிக் கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். காரணம், உள்தோலுக்கும் அதன் கீழ் அடுக்குக்கும் இடையே நேரான எல்லைக்கோடு கிடையாது. உரித்த தோலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அதன் அடிப்புறம் வெள்ளையாக, சிறு சிறு குழிகள் நிறைந்து தெரியும். அந்தக் குழிகளுக்குள் கொழுப்பு மணிகள் புகுந்து உட்கார்ந்திருக்கும். அரை மணி நேரத்தில் கையுறை முழுதும் எண்ணெய்ப் பிசுக்காகி, கத்தியின் பிடி விரலில் நிற்காது. அந்த ஹாலை விட்டு வந்த எந்த மருத்துவரும் இந்தப் பிசுக்கை மறந்திருக்க மாட்டார்.

அமைப்பைச் சொல்கிறேன். மாதுளையைப் பிளந்தால் முத்துக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொண்டு வெள்ளைத் தோல் ஓடுகிறதல்லவா, ஏறத்தாழ அதே ஏற்பாடுதான் இங்கும். கொழுப்புச் செல்கள் சிறு கூட்டங்களாகத் திரண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே கொலாஜன் இழைகளால் ஆன தடுப்புச் சுவர்கள் உள்தோலிலிருந்து இறங்கி, கீழே தசையை மூடியிருக்கும் உறைவரை போகின்றன. தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும், நிணநீர்க் குழாய்களும், நரம்புகளும் இந்தச் சுவர்களைப் பற்றிக்கொண்டே மேலேறுகின்றன. ஆகவே மேலிரண்டு அடுக்குகளுக்கும் சோறு போடும் பாதை இதுதான்.

இதை மாணவர்கள் வெற்றிடம் என்று நினைப்பதற்கு மைக்ராஸ்கோப்பும் ஒரு காரணம். ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் உள்ளே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளியை வைத்துக்கொண்டு, தன் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் அந்தத் துளியைக் கரைத்துவிடுகின்றன. மிஞ்சுவது வெறும் வலை. அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இங்கே ஒன்றுமே இல்லையே" என்று கேட்காத வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

2023 நவம்பர் 5

ஊசிக்கு வருகிறேன். இன்சுலின் போடும் நான்கு இடங்களான வயிறு, மேற்கை, தொடை, பிட்டம் ஆகியவற்றில் மேல்தோலும் உள்தோலும் சேர்ந்த கனத்தை அல்ட்ராசவுண்டில் அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. சராசரி 1.9 மி.மீ. முதல் 2.4 மி.மீ. வரைதான் இருந்தது. ஒல்லியானவர், பருமனானவர், எந்த இனத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் இந்தக் கனம் பொருட்படுத்தும் அளவுக்கு மாறவில்லை; பெரிதும் மாறியது அதன் கீழிருந்த கொழுப்பின் கனம்தான். ஆகவே 4 மி.மீ. ஊசி யாருக்கும் தோலைக் கடந்துவிடும். பெரும்பாலானோருக்குத் தசையைத் தொடாமல் நின்றுவிடும்.

அப்பா மிகவும் மெலிந்தவர் என்பதால், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மென்மையாகத் தூக்கி, அந்த மடிப்பில் போடச் சொல்லுங்கள். ஐந்து விரலாலும் அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். பிறகு மடிப்பு எடுத்ததற்குப் பொருளே இல்லை. மருந்தை அழுத்திய பின் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்கட்டும்.

2023 நவம்பர் 5, மாலை

மருந்துக் கடை வைத்திருக்கும் அன்பர், "8 மி.மீ. ஊசிதான் நன்றாக உள்ளே இறங்கும், மருந்தும் வேகமாக வேலை செய்யும்" என்று எழுதியிருக்கிறார். அந்த வேகம்தான் இங்கே ஆபத்து. தசையில் ரத்த ஓட்டம் அதிகம். அங்கே விழுந்த இன்சுலின் எதிர்பாராத விரைவில் ரத்தத்தில் கலந்துவிடும், கை காலை அசைத்தால் இன்னும் விரைவாக. காலையில் தொடையில் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிறவர் பாதி வழியில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோலடி அடுக்கின் சிறப்பே அதன் மந்தம்தான். குப்பியில் உள்ள சாதாரண மனித இன்சுலினின் மூலக்கூறுகள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆறாகச் சேர்ந்திருக்கும். கொழுப்புத் திசுவின் நீரில் அவை மெல்லக் கலைந்து, இரண்டாகவும் ஒன்றாகவும் பிரிந்த பிறகே தந்துகிகளின் சுவரைக் கடக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போடுங்கள் என்று சொல்வது இந்தக் கலைப்புக்கு ஆகும் நேரத்துக்காகத்தான். விரைவாகக் கலையும்படி மாற்றி வடிவமைக்கப்பட்ட லிஸ்ப்ரோ இன்சுலின் 1996-இல் சந்தைக்கு வந்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது முதல் இன்றுவரை, அந்த மருந்தின் கதை பெருமளவுக்கு இந்த அடுக்குக்குள்தான் நடக்கிறது.

2023 நவம்பர் 9

உடம்பு முழுவதும் இது ஒரே மாதிரி இருப்பதாக எண்ணிச் சிலர் எழுதுகிறீர்கள். இடத்துக்கு இடம் வேறுபாடு மிக அதிகம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த பகுதியும் அதுதான்.

கண்ணிமைத் தோலுக்கு அடியில் கொழுப்பு அநேகமாக இல்லை. தளர்ந்த மெல்லிய திசு மட்டுமே உண்டு. சிறுநீரக நோயில் உடம்பில் தேங்கும் நீர் காலையில் முதலில் இமைகளை வீங்க வைப்பது அதனால்தான். விதைப்பையிலும் கொழுப்பு இல்லை. அங்கே அதன் இடத்தில் ஒரு மெல்லிய தசைப் படலம் இருக்கிறது. குளிரில் தோலைச் சுருக்கி, வெப்பத்தில் தளர்த்துவது அதன் வேலை. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்க்கிறதே, அதைச் செய்வதும் தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் ஒரு தசைத் தகடுதான். நமக்கு அது பெரும்பாலும் போய்விட்டது. கழுத்தில், தாடைக்குக் கீழே ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. கண்ணாடி முன் பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கினால் அந்தப் பட்டைகளைப் பார்க்கலாம்.

உச்சந்தலையில் கதை வேறு. அங்கே தடுப்புச் சுவர்கள் அடர்ந்து, ரத்தக் குழாய்களின் சுவரை இழுத்துப் பிடித்திருக்கும். வெட்டுப்பட்ட குழாய் சுருங்கி மூடிக்கொள்ள வழியில்லை. சிறிய காயத்துக்கும் ரத்தம் கொட்டும். பதறாமல் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பதே முதலுதவி.

உள்ளங்கையில் தோலைக் கிள்ளிப் பாருங்கள், வராது, புறங்கையில் வரும். உள்ளங்கைத் தோலை இழைச் சுவர்கள் கீழே உள்ள கெட்டியான உறையோடு கட்டிப்போட்டிருக்கின்றன. அந்தக் கட்டு இல்லாவிட்டால் கடப்பாரையைப் பிடிக்கும்போது தோல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும். அதே ஏற்பாடு விரல் நுனியில் மூடிய அறைகளாக இருப்பதால், அங்கே சீழ் கட்டினால் பரவ இடமின்றி அழுத்தம் ஏறி, இரவெல்லாம் தூங்கவிடாமல் குத்தும்.

குதிகாலின் கொழுப்பு மெத்தை எல்லாவற்றிலும் அருமையானது. கனம் 2 செ.மீ.க்கு நெருக்கமாக இருக்கும். கொழுப்பு தனித்தனி மூடிய அறைகளில் அடைக்கப்பட்டிருப்பதால், காலை ஊன்றும்போது அது பக்கவாட்டில் வழிந்தோட முடியாமல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு மறுபடி எழும்புகிறது. வயதாக ஆக இந்தச் சுவர்கள் தளர்ந்து மெத்தை நசுங்குகிறது. குதிகால் வலிக்கு அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்கள், அந்த மருந்தே இந்தக் கொழுப்பைக் கரைத்துவிடக்கூடும் என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

2023 நவம்பர் 12

"கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் சர்க்கரை நோயே போய்விடும்" என்று எழுதியிருப்பவருக்கு: அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பை லைப்போசக்‌ஷன் மூலம் சராசரியாக 10 கிலோ அளவுக்கு எடுத்தார்கள். அவர்களில் சிலர் சர்க்கரை நோயாளிகள். சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறனோ, ரத்த அழுத்தமோ, ரத்தக் கொழுப்போ மேம்படவில்லை. முடிவு 2004-இல் வெளியானது. சாப்பாட்டைக் குறைத்து அதே 10 கிலோவை இழந்தால் இவை எல்லாமே மேம்படும். வேறுபாடு எங்கே? பட்டினி கிடக்கும் உடம்பு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் தசைக்குள்ளும் சேர்ந்த கொழுப்பையும் சேர்த்து எரிக்கிறது. உறிஞ்சு குழாய் தோலடியை மட்டும்தான் தொடுகிறது. தொல்லை தருவது தோலடியில் கிடக்கும் கொழுப்பைக் காட்டிலும், அங்கே இடம் போதாமல் உள்ளே வழிந்ததுதான்.

கேள்வி கேட்ட அன்பர், "அது இல்லாமலேயே வாழ்கிறார்கள்" என்றார். உண்மையாகவே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பெரார்டினெல்லி–சீப் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு அநேகமாக முழுவதும் இல்லை. தசைகளும் ரத்தக் குழாய்களும் செதுக்கியதுபோல் வெளியே தெரியும். பார்ப்பவர் நல்ல உடற்கட்டு என்று நினைக்கலாம். உள்ளே நிலைமை தலைகீழ். உண்ட கொழுப்பைப் போட்டு வைக்கக் களஞ்சியம் இல்லாததால் அது கல்லீரலை நிரப்புகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறுகிறது. இளம் வயதிலேயே கடுமையான நீரிழிவு வருகிறது. பசியும் அடங்காது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்களில்தான் சுரக்கிறது. 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதற்கான மரபணுவைக் கண்டறிந்த பிறகு, கொழுப்பை வெறும் நிரப்புப் பொருள் என்று சொல்வதற்கு யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. லெப்டினைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகக் கொடுத்தால் இந்த நோயாளிகளின் நிலை தேறுகிறது.

2023 நவம்பர் 13

நேற்று எழுதியதை வைத்து, "அப்படியானால் தொப்பை நல்லது" என்று ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். பொறுங்கள். தொப்பைக்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. கையால் பிடிக்க முடிவது தோலடிக் கொழுப்பு. வயிற்றுச் சுவருக்குப் பின்னால் குடலைச் சூழ்ந்திருப்பது வேறு. பிடித்தால் மடிப்பு வராமல், தட்டினால் கெட்டியாக முன்னே தள்ளி நிற்கும் வயிறு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அடிவயிற்றில் தோலடி அடுக்கே இரண்டு தட்டாக இருக்கிறது. மேலே கொழுப்பு மிகுந்த கேம்பர் படலம், கீழே நார்த்தன்மை மிகுந்த ஸ்கார்ப்பா படலம். முன்னது டச்சுக்காரர் பெயரையும் பின்னது இத்தாலியர் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஸ்கார்ப்பா படலத்துக்கு மேலுள்ள கொழுப்பும் கீழுள்ள கொழுப்பும் நடத்தையில் ஒன்றல்ல, கீழுள்ளது குணத்தில் உள்வயிற்றுக் கொழுப்பை ஓரளவு ஒத்தது என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். (அந்தோனியோ ஸ்கார்ப்பா 1832-இல் இறந்த பின் அவருடைய தலையையே வெட்டி எடுத்துப் பதப்படுத்திவிட்டார்கள், பாவியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. உடற்கூறு ஆசிரியர்கள் மாணவர்களிடம் கொஞ்சம் அன்பாக நடந்துகொள்வது நல்லது என்று எங்கள் துறையில் சொல்லிச் சிரிப்போம்.)

நம் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு படம் போதும். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ.) 22.3. உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு ஒன்றையே சொன்னது. உடம்பு வேறொன்றைச் சொன்னது. ஆகவே கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு வயிறு ஒட்டியிருப்பதாலேயே நீரிழிவு வராது என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

2023 நவம்பர் 14

செல்லுலைட் க்ரீம் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: பெண்களின் தொடையில் தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்பதால் கொழுப்பு மேலே பிதுங்கிக் குழி விழுந்ததுபோல் தெரிகிறது, ஆண்களுக்கு அவை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் அப்படித் தெரிவதில்லை. அது நோய் அல்ல. மேல்தோலில் பூசும் க்ரீம் அந்தச் சுவர்களைத் திருப்பிக் கட்டிவிடும் என்று நம்பினால் வாங்குங்கள்.

2023 நவம்பர் 20

வெப்பத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. நம் ஊர் வெயிலில் அது தோன்றாததில் வியப்பில்லை. 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. கடல் நீர் 5, 6 டிகிரி செல்சியஸ். உடன் இருந்தவர்கள் அனைவரும் இறந்துபோக, குட்லாகுர் ஃப்ரித்தோர்சன் என்ற 22 வயது இளைஞர் மட்டும் மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்ந்தார். அந்தக் குளிரில் மனிதர் பொதுவாக அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. பின்னர் லண்டன் ஆய்வாளர்கள் அவரைச் சோதித்தபோது, அவருடைய தோலடிக் கொழுப்பு 14 மி.மீ. கனத்தில், வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்து இருந்தது.

வழி எளிது. குளிரும்போது உள்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தத்தை உள்ளே அனுப்பிவிடுகின்றன. அதன் பின் வெளிக்குளிருக்கும் உள்ளுடம்புக்கும் நடுவே நிற்பது கொழுப்பு அடுக்கு. அதில் நீர் குறைவு; வெப்பம் எளிதில் கடக்காது.

இதே விதி எதிர்த்திசையில் நம் மகப்பேறு வார்டுகளில் தினமும் தெரிகிறது. கருவில் இருக்கும் குழந்தை தோலடிக் கொழுப்பைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்க்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தையின் தோல் சிவந்து, மெல்லியதாய், ரத்தக் குழாய்கள் தெரியும்படி இருப்பதும், அறை வெப்பத்திலேயே அதன் உடம்பு சில்லிட்டுப்போவதும் அதனால்தான். 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு கட்டி வைத்து, அது இன்னும் சேர்க்காத அடுக்கின் வேலையைத் தாயின் உடம்புச் சூட்டிடம் ஒப்படைக்கிறது.

2023 டிசம்பர் 2

ஊசி இடத்தை மாற்றுவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடம். "அங்கேதான் வலிக்கவே வலிக்காது" என்பார். சர்க்கரை ஒரு நாள் 300-ஐத் தாண்டும், மறுநாள் 70-க்கு இறங்கும். அவர் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி எழுதினார்களே தவிர, ஒருவரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்திருந்தபோது சோப்பு நுரை தடவிய விரல்களை அவர் வயிற்றில் மெல்ல நகர்த்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. சுற்றியுள்ள திசு நழுவி விலக, நடுவில் ஒரு திட்டு ரப்பர்த் தன்மையோடு அசையாமல் நின்றது. அதைச் சேர்த்துக் கிள்ளினால் மடிப்பு தடித்து வந்தது. இடப்பக்கம் மெல்லியதாக வந்தது.

இதற்கு லைப்போஹைப்பர்ட்ரோஃபி என்று பெயர். இன்சுலின் கொழுப்பை வளர்க்கும் ஹார்மோன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடத்துச் செல்கள் பெருத்துவிடுகின்றன. வலிக்காமல் இருப்பதே பொறி. அந்தத் திட்டிலிருந்து இன்சுலின் ஒரு நாள் சரியாக வெளியேறாமல் தங்கும், இன்னொரு நாள் வெளியேறிவிடும். சர்க்கரை தாறுமாறாக ஆடுவதற்குச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இடத்தை மாற்றச் சொன்னதோடு நான் நிற்கவில்லை; அளவைக் குறைப்பது பற்றி முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். கெட்டுப்போன இடத்தில் போட்டுப் போட்டு ஏற்றப்பட்ட அளவை நல்ல திசுவில் அப்படியே போட்டால், முழுதும் ரத்தத்தில் ஏறிச் சர்க்கரை தாழ்ந்துவிடும். அக்காவுக்கு அளவு கணிசமாகக் குறைந்தது. திட்டு கரைவதற்கு மாதங்கள் ஆயின. ஒவ்வொரு ஊசிக்கும் இடையே ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் திட்டு வளரத் துணைபோகிறது. காசு மிச்சம் என்று நம் வீடுகளில் இதைச் செய்யாதவர்கள் குறைவு.

2023 டிசம்பர் 3

ஒரு எச்சரிக்கை விட்டுப்போயிற்று. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிஜ் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு முதலாவதற்கும் ஆரஞ்சு மூடி இரண்டாவதற்கும் உரியது. கார்ட்ரிஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும்.

2023 டிசம்பர் 17

படுக்கைப் புண் பற்றி ஒரு மகள் எழுதியிருப்பதற்குப் பதில். அம்மா மெலிந்துவிட்டார், தோல் நன்றாகத்தான் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே சற்று ஊதா நிறமாக மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். அதை இன்றே காட்டுங்கள். படுத்தே இருப்பவரின் எடை முழுதும் முதுகெலும்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு ஆகிய முனைகளில் இறங்குகிறது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே உள்ள கொழுப்பும் தசையும் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, தோலுக்கு முன்பே சாகத் தொடங்கும். தோல் அழுத்தத்தை ஓரளவு தாங்கக்கூடியது. ஆகவே மேலே ஊதா தெரியும்போது கீழே நடந்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். மெலிந்த முதியவர்களுக்கு இந்த மெத்தை முன்பே தேய்ந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகாலைத் தொங்கவிடும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், நசுங்கிய திசுவை அது இன்னும் கிழிக்கும்.

2024 ஜனவரி 6

உணர்வு முழுதும் உள்தோலோடு முடிந்துவிடுகிறது என்று முதல் கேள்வியிலேயே ஒரு குறிப்பு இருந்தது. அதை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். 1831-இல் இத்தாலியின் பிஸ்தோயாவில் ஃபிலிப்போ பாச்சினி என்ற மாணவர் ஒரு கையை அறுத்துக்கொண்டிருந்தபோது, விரல் நரம்புகளை ஒட்டிச் சிறு முட்டை வடிவத் துகள்களைக் கண்டார். 1 மி.மீ. அளவு, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு நரம்பு முனையைச் சுற்றி அடுக்கடுக்காக உறைகள் போர்த்தப்பட்ட உணர்விகள் அவை. உள்தோலின் அடியிலும் தோலடிக் கொழுப்புக்குள்ளும் இருந்துகொண்டு அதிர்வை உணர்கின்றன. வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக. இருட்டில் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பும்போது பல் சரியாக விழுந்ததைச் சாவியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் விரலுக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நீண்டகால நீரிழிவில் கால் அதிர்வுணர்வை இழந்திருக்கிறதா என்று தட்டினால் அதிரும் டியூனிங் ஃபோர்க் என்ற உலோகக் கவையை வைத்துப் பார்ப்பது இந்தப் பாதையைத்தான்.

இதே பாச்சினி 1854-இல் காலரா கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியும் வைத்தார். முப்பது ஆண்டு கழித்து ராபர்ட் கோஹ் கல்கத்தாவில் அதைப் பிரித்தெடுத்தபோதுதான் உலகம் நம்பியது. துகளுக்கு அவர் பெயர் நிலைத்தது.

2024 ஜனவரி 21

கொழுப்புச் செல்கள் பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கின்றனவா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எல்லோருடைய செல்களிலும் ஏறியது. அதன் அளவை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிட்ட ஸ்வீடன் ஆய்வாளர்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செல்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறப்பதாக 2008-இல் காட்டினார்கள். எண்ணிக்கை இளமைப் பருவத்தோடு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. எடை குறைந்தால் செல்கள் சுருங்குகின்றன. அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. இளைத்தவர் மறுபடி பருப்பது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு பகுதி விடை.

2024 பிப்ரவரி 10

குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தாய் ஒருவர், ஒவ்வொரு ஊசியையும் ஏன் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கோணத்தில் போடுகிறார்கள் என்று கேட்கிறார். நம் அரசு அட்டவணையே இந்த அடுக்குகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. காசநோய்க்கான பிசிஜி இடது மேற்கையில் உள்தோலுக்குள். செவிலியர் ஊசியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, சிறு கொப்புளம் எழும்படி போடுவார். தட்டம்மை–ருபெல்லா ஊசி வலது மேற்கையில், சாய்வாக, தோலடிக் கொழுப்பில். ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியான பென்டாவலென்ட் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், நேராக, தசைக்குள். கடைசியாகச் சொன்னதில் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்கு அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பில் அது தங்கிவிட்டால் திசுவை உறுத்திக் கட்டியாகும். தட்டம்மை ஊசியில் உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் இருக்கிறது. அந்த உப்பு இல்லை. கொழுப்பிலிருந்தே நன்றாக வேலை செய்கிறது.

பென்டாவலென்ட் போட்ட தொடையில் உங்கள் குழந்தைக்கு வந்திருக்கும் சிறு கட்டி பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பற்று, எண்ணெய் தடவி உருவுதல் எதுவும் வேண்டாம். சிவந்து சூடாகிப் பெருத்தால், அல்லது காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்; தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.